எண்பதில் நிற்காத வண்டி

"எண்பதுல நிறுத்த முடியலீங்க, டீச்சர்."

இதைச் சொன்னபோது நாச்சிமுத்து ஹெல்மெட்டைக் கூடக் கழற்றியிருக்கவில்லை.

பெருந்துறைக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையின் களத்தை வாடகைக்கு எடுத்து, பிலோமினா வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தார். வயது முப்பத்து நான்கு. அதற்கு முன் எட்டு வருடம் பந்தயத் தடத்தில் பைக் ஓட்டியவர். ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், போதும் என்று தோன்றியது என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அவர் மனைவி சிவகாமி இந்தக் களத்தில்தான் ஸ்கூட்டர் பழகினார். போய் அவரைப் பாருங்கள் என்று அனுப்பியதும் சிவகாமிதான்.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. ஆயிரத்து இருநூறு சிசி. இரண்டு பக்கமும் பெட்டிகள். நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்காத சீட்டு. நாடு விட்டு நாடு போவதற்கென்றே செய்த வண்டி.

பிலோமினா அதை ஒருமுறை சுற்றி வந்தார். நல்ல வண்டி என்றார்.

"அதுதானுங்க பிரச்சனை."

நாச்சிமுத்து முயன்று பார்க்காமல் இல்லை. எண்பதைத் தாண்டினால் கத்துகிற ஒரு கருவியை மாட்டினார். மூன்றே நாளில் காது அதற்குப் பழகிவிட்டது. வண்டியே எண்பதுக்கு மேல் போகாதபடி மெக்கானிக்கிடம் சொல்லிக் கட்டுப்படுத்தி வைத்தார். ஒரு வாரத்தில் அவரே போய் அதை எடுக்கச் சொல்லிவிட்டார். மீட்டரின் மேல் மகள் போட்டோவை ஒட்டினார். காற்றில் அது எங்கேயோ பறந்து போனது.

பிலோமினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எண்பதுல போனா உங்களுக்கு என்ன ஆகுதுங்க?"

நாச்சிமுத்து யோசித்தார்.

"வெக்கமா இருக்குதுங்க."

தாண்டிப் போகிற காரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றார். இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு ஏன் இப்படி உருட்டுகிறான் என்று நினைப்பது போல இருக்கிறது. ஒருநாள் கறிக்கோழி ஏற்றிய வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. கை தானாகத் திருகிவிட்டது. வேனை எப்போது தாண்டினோம் என்றே தெரியவில்லை. மீட்டரைப் பார்த்தால் நூற்று முப்பத்தைந்து.

பிலோமினா சிரிக்கவில்லை.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. ஆறாவது கியரில் எண்பதில் போனால் இந்த வண்டி முனகும், நான்காவதில் வையுங்கள், அதற்கும் நிம்மதி உங்களுக்கும் நிம்மதி என்று சொல்லிக் கொடுத்தார். மணிக்கட்டை எப்படித் தளர்த்தி வைப்பது, தூரத்தை எப்படி மனதில் பிரித்துக்கொள்வது என்று காட்டினார். களத்தில் நாச்சிமுத்து எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்தார். நடக்கிற வேகத்தில் எட்டுப் போட்டார். காலைக் கீழே வைக்காமல் திரும்பினார்.

பைபாஸில் ஏறியதும் நூற்றுப் பத்து.

ஏழு நாள் இப்படிப் போனது. எட்டாம் நாள் பிலோமினா அவரை உட்காரச் சொன்னார்.

"மூணு வருசமா நூத்தி இருபதுலயே போனவரு, இப்ப எதுக்குங்க எண்பதுல போகணும்?"

போலீஸ் கேமரா வைத்திருக்கிறார்கள் என்றார் அவர். வயதாகிறது என்றார். சிவகாமி பயப்படுகிறாள் என்றார்.

"இதெல்லாம் இல்லீங்க," என்றார் பிலோமினா. "நாளைக்கு வராதீங்க. எப்பச் சொல்லத் தோணுதோ, அப்ப வாங்க."

நாச்சிமுத்து எழுந்து போனார். கோபமாகத்தான் போனார். களத்து வாசலைத் தாண்டும்போதே வண்டியின் சத்தம் ஏறியது.

பத்தொன்பது நாள் அவர் வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். வண்டியில் அல்ல. பஸ்ஸில் வந்து, ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார். ஸ்கூட்டர் பழகிய இரண்டு பெண்களும் கிளம்பும் வரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"என் சிநேகிதன் ஒருத்தன் இருந்தானுங்க," என்று ஆரம்பித்தார்.

அவர் பெயர் குழந்தைவேல். இரண்டு பேரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். முப்பது வருடமாக ஒன்றாகத்தான் வண்டியில் சுற்றினார்கள். பழைய வண்டிகள், ஒரே மாதிரி வண்டிகள். ஒன்றுக்குச் செயின் அறுந்தால் இன்னொன்று கயிறு கட்டி இழுத்து வரும். குழந்தைவேல் ஈரோட்டில் ஒரு ஸ்கூலில் கிளார்க். அவரிடம் கடைசிவரை நூற்றைம்பது சிசி வண்டிதான்.

நாச்சிமுத்து பெரிய வண்டி வாங்கினார். அதற்குப் பூஜை போட்ட அன்று எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுத்ததே குழந்தைவேல்தான்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகத்தான் போனார்கள். ஒன்றாகப் புறப்படுவார்கள். அவ்வளவுதான். நாச்சிமுத்து முன்னால் போய் ஒரு டீக்கடையில் நிற்பார். குழந்தைவேல் பின்னால் வந்து சேருவார், கண்ணெல்லாம் சிவந்து, கை நடுங்கிக்கொண்டு. எருமை மேய்த்துவிட்டு வருகிறாயா என்று நாச்சிமுத்து கேட்பார். குழந்தைவேல் சிரிப்பார்.

"வேகமா வான்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லீங்க."

பிலோமினா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெதுவா வான்னும் சொன்னதில்லீங்க."

போன தை மாதம் ஏற்காடு போகக் கிளம்பினார்கள். சங்ககிரியைத் தாண்டி ஒரு டீக்கடையில் நாச்சிமுத்து நின்றார். இரண்டு டீ சொன்னார். தன் டீயைக் குடித்தார். இன்னொன்றில் ஆடை படிந்தது. ஆறிப் போகிறதே என்று அதையும் குடித்தார். பேப்பர் படித்தார். நாற்பது நிமிடம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

குமாரபாளையம் தாண்டி இறக்கத்தில் நடந்திருக்கிறது. சின்ன வண்டி, முழுத் திருகலில். ஒரு லாரியைத் தாண்டும்போது காற்று அடித்து, ஹேண்டில் ஆடி, நடுத்திட்டில் ஏறிவிட்டது. பார்த்தவர்கள் நூற்றுக்கு மேல் வந்தார் என்றார்கள். அந்தப் பழைய வண்டி நூறு போகும் என்று நாச்சிமுத்துவுக்கே அன்றுதான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் குழந்தைவேலுக்கு ஒரு தடவை நினைவு வந்தது. இவரைப் பார்த்தார்.

"லேட்டாயிருச்சு மாப்ளே," என்றார்.

அன்று சாயங்காலம் போய்விட்டார்.

இதைச் சொல்லிவிட்டு நாச்சிமுத்து களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமினா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் தொடவில்லை.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு கிளம்புறப்ப, அவன் சம்சாரம் ஜெயமணி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அவரு பின்னாடி வரலைன்னு உங்களுக்கு எப்பங்ணா தெரிஞ்சுதுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"ஒடனேன்னு சொன்னேனுங்க."

ஒரு பஸ் ரோட்டில் போனது. அது போய் முடியும் வரை காத்திருந்து அவர் சொன்னார்.

"நான் திரும்பியே பாக்கலீங்க, டீச்சர்."

அதற்குப் பிறகும் தன்னால் எண்பதில் போக முடியவில்லை என்றார். குழந்தைவேல் விழுந்த இடத்தைத் தாண்டும்போதே ஒருநாள் நூற்று முப்பதில் போயிருக்கிறார். அந்த இடம் சீக்கிரம் போய்விட வேண்டும் என்றுதான் திருகினாராம். வண்டியை விற்றுவிடலாம் என்று சிவகாமி சொன்னார். விற்றுவிட்டால் குழந்தைவேல் செத்ததற்கு வண்டிதான் காரணம் என்று ஆகிவிடும், அது பொய் என்றார் நாச்சிமுத்து.

 நாளைக் காலை ஆறரைக்கு வண்டியோடு வரச் சொன்னார் பிலோமினா.

மறுநாள் அவர் வந்ததும் பிலோமினா அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். பயிற்சிக்கு வைத்திருந்த பழைய நூற்று இருபத்தைந்து சிசி வண்டியைக் காட்டினார்.

"நீங்க அதுல வாங்க. நான் இதுல முன்னாடி போறேன்."

எங்கே என்று அவர் கேட்டார்.

"சேலம் ரோட்டுல."

பிலோமினா பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்த விதத்திலேயே அவர் யார் என்பது தெரிந்தது. நாச்சிமுத்து நினைத்துப் பார்த்தார். இவர் திருகினால் இரண்டாவது நிமிடம் புள்ளியாகிவிடுவார். தான் என்ன செய்வது? திருகுவோம், தெரியும். பின்தங்கத் தனக்குத் தெரியாது.

பைபாஸில் ஏறினார்கள்.

அறுபது வரை சின்ன வண்டி சுகமாகப் போனது. எழுபதில் கால் வைக்கிற கம்பி அதிர்ந்தது. எண்பதைத் தொட்டபோது உள்ளங்கை கூசியது. பக்கத்தில் ஒரு டேங்கர் லாரி போனது. காற்று அவரை ஒரு முழம் தள்ளிவிட்டது. இப்படியா இருந்தது என்று நினைத்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படியா வந்தான்?

பிலோமினா முன்னால் அப்படியே போய்க்கொண்டிருந்தார். நான்கைந்து வண்டி நீளம் இடைவெளி. கூடவில்லை, குறையவில்லை. கார்கள் தாண்டின. பஸ்கள் தாண்டின. நெல் மூட்டை ஏற்றிய ஒரு லாரி கூடத் தாண்டியது. பெரிய வண்டி அசையவில்லை.

பவானி தாண்டி ஒரு ஏற்றம். சின்ன வண்டி திணறி அறுபத்தைந்துக்கு இறங்கியது. நாச்சிமுத்து முழுக்கத் திருகினார். ஒன்றும் ஆகவில்லை. இதோ போய்விடப் போகிறார் என்று தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

அதே நான்கைந்து வண்டி நீளத்தில் பிலோமினா இருந்தார்.

அப்போதுதான் முன்னால் போகும் பெரிய வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கவனித்தார். தன் வண்டியின் கண்ணாடிதான். அதில் ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள். ஒரு நொடி அவரைப் பார்த்தன. ரோட்டுக்குப் போயின. மறுபடி வந்தன.

குமாரபாளையம் தாண்டி அந்த இறக்கம் வந்தது. எந்த இடம் என்று அவர் பிலோமினாவிடம் காட்டியதில்லை. நடுத்திட்டில் அரளிச்செடி பூத்திருந்தது. ஒரு பத்தடிக்கு மட்டும் செடி இல்லை.

அவர் கை தளர்ந்தது. வண்டி ஓரம் கட்டி நின்றது. எப்படி நிறுத்தினார் என்று தெரியவில்லை. ஹேண்டிலின் மேல் தலையைக் கவிழ்த்தார். தலையைத் தூக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

தூக்கியபோது, முன்னால் பெரிய வண்டியும் ஓரம் கட்டி நின்றுகொண்டிருந்தது. இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிந்தது. பிலோமினா இறங்கவில்லை. திரும்பவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி காத்திருந்தார்.

நாச்சிமுத்து சாலையோரம் உட்கார்ந்து அழுதார். ஐம்பத்திரண்டு வயது ஆள், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல்.

அவர் எழும் வரை பிலோமினா நின்றார். பிறகு மெல்ல வண்டியை எடுத்தார். சங்ககிரிக்கு முன்னால் ஒரு மேம்பாலத்தின் கீழே, நிழலில் நிறுத்தினார்.

நாச்சிமுத்து பக்கத்தில் வந்து நின்றார். அவர் கை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"எண்பதுலயே எப்படிங்க வெச்சிருந்தீங்க?"

"எண்பதா போச்சு?" என்றார் பிலோமினா. "நான் மீட்டரைப் பாக்கலீங்க."

நாச்சிமுத்து பெரிய வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பாலத்தின் மேல் வண்டிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிலோமினா இறங்கிச் சாவியை அவர் கையில் வைத்தார். சின்ன வண்டியைத் தான் எடுத்துப் போவதாகச் சொன்னார்.

இங்கிருந்து நேராக ஈரோட்டுக்குப் போகப்போவதாக நாச்சிமுத்து சொன்னார். ஜெயமணி வீட்டில் இருப்பார். அவர் கேட்டதற்குத் தான் சொன்ன பதில் பொய் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியுமா என்று தெரியவில்லை என்றார். இருந்தாலும் போக வேண்டும்.

பிலோமினா தலையசைத்தார்.

நாச்சிமுத்து தன் வண்டியில் ஏறினார். ஸ்டார்ட் செய்தார். கிளம்பவில்லை. பக்கக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். அதில் ரோடு தெரிந்தது. வெறும் ரோடு.

"எனக்குப் பின்னாடி இப்ப யாரும் இல்லீங்களே, டீச்சர்."

பிலோமினா சின்ன வண்டியின் சீட்டில் கையை வைத்தார். 

"பாத்துப் போங்க," என்றார்.