செவலை செய்த சத்தியம்

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், உப்பளத்துக்குப் பக்கத்தில் சடைச்சி என்றொருத்தி இருந்தாள். செவலை என்ற பெண்குதிரையின் முதுகில் உப்பு மூட்டையை ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்பதுதான் அவள் பிழைப்பு. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கென்று இருந்தது செவலை மட்டும்தான். அப்போதெல்லாம் குதிரைகளுக்கு வயிற்றில் ஒவ்வாதது எதுவும் தங்காது. நாய் பூனையைப் போலக் கக்கிவிட்டு நடையைக் கட்டும்.

மூன்று வருஷமாக மழை இல்லை. செவலை நிறைசினை. விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஒருநாள் விடியற்காலையில், வற்றிய ஏரியின் நடுவே ஒரு பள்ளத்தில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்புல் நிற்பதைக் கண்டார்கள். சுற்றிலும் ஒரு மாட்டின் குளம்படிகூட இல்லை. சடைச்சிக்கு அதுவே சரியாகப் படவில்லை. குனிந்து பார்த்தாள். புல் நுனியில் இருந்த ஒவ்வொரு பனித்துளிக்குள்ளும் நூல் போல ஏதோ நெளிந்தது.

"வாயை வைக்காதே செவலை. வா, போயிடலாம்."

"குட்டி உதைக்கிறது தாயி. அதற்குப் பசி" என்றது செவலை.

புல்லிலிருந்து மெல்லிய குரல்கள் எழுந்தன. "தாராளமாகத் தின்னு. வெயில் ஏறினால் நாங்கள் கருகிப் போவோம். மழை வரும்வரை உன் வயிற்றில் இடம் கொடு, போதும். ஆனால் போன தடவை ஒரு நரி எங்களைப் பாதி வழியில் கக்கிவிட்டது. அதனால் நீ சத்தியம் செய்."

சடைச்சி கயிற்றைப் பிடித்து இழுத்தாள். செவலை அசையவில்லை.

"உள்ளே போனது எதுவும் என் வாய் வழியாகத் திரும்பி வராது. என் குட்டிமேல் சத்தியம்."

அதன் தொண்டைக்குள் கதவு சாத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. செவலை மேயத் தொடங்கியது.

சில நாள் கழித்து, நட்டநடு வழியில் செவலை நின்றுவிட்டது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. முன்னங்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது.

சடைச்சி அங்கே காது வைத்தாள். எப்போதும் கடகடவென்று ஓடும் வயிறு ஓசையில்லாமல் கிடந்தது. பிறகு, வெகு ஆழத்திலிருந்து ஒரு குரல் யாரையோ அதட்டியது:

"தள்ளிப் படு, குட்டி. எங்களுக்கு இடம் போதவில்லை."

சடைச்சி செவலையின் முகத்தைப் பிடித்துக் கத்தினாள். "கக்கிவிடு செவலை! கக்கிவிடு!"

செவலை கழுத்தை நீட்டித் திணறியது. "வரவில்லை தாயி... அடைத்துக்கொண்டது" என்று சொல்லித் தரையில் விழுந்து புரளப் போனது. புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும். சடைச்சி அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"வாய் வழியாகத்தானே வராது என்றாய்? பின்பக்கத்துக்கு நீ சத்தியம் ஒன்றும் செய்யவில்லையே!"

வேப்பிலையை உப்போடு கசக்கி ஊட்டினாள். பிறகு நடத்தினாள். உச்சிவெயிலில் நடத்தினாள், தன் பாதம் கொப்பளித்த பின்னும் நடத்தினாள். ஒவ்வொரு சுற்றிலும் விலாவில் காது வைத்தாள். குட்டியின் உதை குறைந்துகொண்டே வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் செவலை லத்தி போட்டது. அதில் வெள்ளை நூல்கள் கொத்துக் கொத்தாக நெளிந்தன. சடைச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"எதற்கு அழுகிறாய்?" என்றன அந்த நூல்கள். "பனி விழும், மறுபடியும் புல்லில் ஏறுவோம். செவலை தன் குட்டிமேல் சத்தியம் செய்ததே, அந்தக் குட்டியின் தொண்டையும் அதன் வம்சத்தின் தொண்டையும் எங்களுக்காகச் சாத்தியாயிற்று."

குட்டி உயிரோடுதான் பிறந்தது. செவலை அதற்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, லத்தி விழுந்த இடத்துப் புல்லைத் தொடாதே என்பதைத்தான்.

அன்று தொடங்கித்தான் குதிரைகளுக்குக் கக்க வருவதில்லை. லத்தி கிடந்த இடத்தில் புல் எவ்வளவு செழித்தாலும் அவை வாய் வைப்பதில்லை. குதிரை திரும்பித் தன் விலாவைப் பார்த்தால் வளர்ப்பவர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்து காது வைப்பதும் அன்றிலிருந்துதான். வயிறு இரைந்தால் மூச்சு விடுவார்கள். ஒன்றுமே கேட்காவிட்டால் உடனே கயிற்றைப் பிடித்து நடத்தத் தொடங்குவார்கள்.