மைக்கின் வாலில் சந்தனம்

சேர்மன் குலசேகரபாண்டியன் கம்பியில்லா மைக்கை அடிவாலில் இறுகப் பிடித்தே பேசுவார். ஏரியல் இருப்பதே அந்த வாலில்தான். மேடையில் பேச்சு விட்டு விட்டு வந்தது.

"இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா, உன் செட்டு இந்த ஊருக்குள்ள வராது!" என்று மைக்செட்காரி செங்கமலத்திடம் கத்தினார்.

"பூஜை போட்டா சரியாயிடுங்கய்யா" என்றவள், மைக்கின் வாலில் ஈரச் சந்தனத்தை அப்பி நீட்டினாள்.

வெள்ளைச் சட்டைக்காரராச்சே! கறை படாமல் நடுவில் பிடித்தார். குரல் கணீரென்று வந்தது.

"பார்த்தீங்களா? மிரட்டினதும் செட்டு பயந்துடுச்சு!" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

செங்கமலம் இன்னொரு மைக்கை எடுத்தாள். "செட்டு பயப்படலீங்கய்யா. சந்தனத்துக்குப் பயந்து உங்க கைதான் மேலே ஏறிடுச்சு. வாலைப் பொத்தினா சத்தம் வராதுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆத்திரத்தில் சேர்மன் சந்தனத்தையும் மறந்து வாலை இறுகப் பிடித்துக்கொண்டு திட்டினார். ஒரு வசவுகூட ஊருக்குக் கேட்கவில்லை.