பாக்கெட் சொன்ன உயரம்

பளபளப்பான ஒரு பாக்கெட்டுக்குள் ஒரு விதை குடியிருந்தது. கூடவே இன்னும் சில விதைகளும் இருந்தன. ஆனால் பாக்கெட் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டது இந்த ஒன்றுதான்.

பாக்கெட்டுக்கு வாய் அதிகம். தன் மேல் அச்சடித்திருந்த குட்டி மரத்தின் படத்தைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி விதைகளுக்குப் பாடம் நடத்தும்.

"நீங்கள் கண்ட கண்ட விதைகள் இல்லை. பொன்சாய் விதைகள். சாணுக்கு மேல் வளராத ஜாதி. பிறவியே அப்படி."

"தப்பித்தவறி வளர்ந்துவிட்டால்?" என்று கேட்டது விதை.

"வளர மாட்டாய். வளர்ந்தால் அது உன் குற்றம்."

விதை பயந்துபோய் ஓட்டுக்குள் இன்னும் கொஞ்சம் சுருங்கிக்கொண்டது.

பாக்கெட்டை வரவழைத்தவர் பூவலிங்கம். கோவில்பட்டியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். தபால் ஆபீசில் வேலை. தட்டில் நிற்கும் குட்டி மரங்களைச் செல்போனில் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆசை முற்றிவிட்டது. மனைவி செண்பகவல்லி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மரம் வளக்க ஆசைன்னா வேப்பங்கொட்டை தெரு பூரா கிடக்கே. இதை எதுக்கு எங்கயோ இருந்து வரவழைச்சீக?"

"அது பெருசாப் போயிரும் செண்பகம். இது பொன்சாய்க்குன்னே உள்ள விதை. தானா குட்டையாவே நிக்கும்."

"தானா நிக்குமா?"

"பாக்கெட்டுல போட்டிருக்குல்லா!"

அச்சில் வந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா என்ன? பூவலிங்கம் சிரத்தையாக வேலையில் இறங்கினார். ஓடு கெட்டியான விதைகளை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெந்நீரில் ஊறப் போட்டார். மற்றவை அழுகிப்போயின. நம்முடைய விதை மட்டும் வெடித்து வெள்ளை மூக்கை நீட்டியது. அதை நேராக, அதற்கென்றே வாங்கிய நீலத் தட்டுத்தொட்டியில் நட்டார். என்ன விதை என்று மறந்துவிடக் கூடாதே என்று பாக்கெட்டை ஒரு குச்சியில் குத்திப் பக்கத்திலேயே நிறுத்தினார். இதுவரை கூட இருந்து பாடம் நடத்திய பாக்கெட் இப்போது தலைக்கு மேல் நின்று நடத்த ஆரம்பித்தது.

கன்றின் வேர் சீக்கிரமே தொட்டியின் அடியைத் தொட்டுவிட்டது.

"கொஞ்சம் இடம் விட முடியுமா?" என்று அது தயங்கித் தயங்கிக் கேட்டது.

"என் ஆழமே நாலு விரல். உன் ஜாதிக்கு இது தாராளம் என்று சொல்லித்தான் என்னை வாங்கினார்கள்" என்றது தட்டுத்தொட்டி.

"கேட்டாயா?" என்றது பாக்கெட்.

கன்று கேட்டுக்கொண்டது. விடிந்ததும் உடம்பு மேலே போகத் துடிக்கும். அது பிடிவாதமாக அடக்கிக்கொள்ளும். தண்ணீரைக்கூட அளந்துதான் குடித்தது. இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நல்ல பிள்ளை என்று பெயர் எடுப்பதற்காக அது செத்துக்கொண்டிருந்தது.

பூவலிங்கம் பதறிப்போய் இன்னும் நிறையத் தண்ணீர் ஊற்றினார். செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை.

"இம்புட்டூண்டு தட்டுல அது எங்க காலை நீட்டும்? இங்க கொண்டாங்க."

பழைய பெயிண்ட் வாளி ஒன்றின் அடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டாள். கரிசல் மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பிக் கன்றை மாற்றி வைத்தாள். பாக்கெட்டையும் குச்சியோடு பிடுங்கி வாளியில் குத்தினார் பூவலிங்கம்.

"நன்றாகக் காலை நீட்டு" என்றது வாளி.

"நீட்டலாமா? நான் சாணுக்கு மேல் போகாத ஜாதி. பாக்கெட்டில் போட்டிருக்கிறது."

"என் மேலும்தான் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பெயிண்ட் என்று போட்டிருந்தது. இப்போது என்னிடம் ஒரு சொட்டு பெயிண்ட் இருக்கிறதா, தேடிப் பார்."

கன்றுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கொஞ்சம் வளர்ந்தும்விட்டது. உடனே பாக்கெட்டிடம் மன்னிப்புக் கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புது இலைக்கும் ஒரு மன்னிப்பு என்று அதன் பிழைப்பு ஓடியது. இரண்டு ஐப்பசி மழை கழிந்தபோது அது பூவலிங்கத்தின் இடுப்புக்கு வந்திருந்தது. இடுப்பளவு குற்றம்! தலையைத் தொங்கப்போட்டபடியே நின்றது பாவம்.

ஒரு நாள் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். வாளி ஓட்டை வழியாக வேர் ஒன்று இறங்கித் தளத்து விரிசலில் நுழைந்திருப்பதைப் பார்த்துவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இதற்கு ஒரு வழி பண்ணாவிட்டால் தானே பிடுங்கி எறிந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பூவலிங்கம் ஓர் இணுக்கை ஒடித்துக்கொண்டு நாற்றுப் பண்ணைக்குப் போய் விசாரித்தார். திரும்பி வரும்போது முகம் செத்துப்போயிருந்தது.

"இது வாகையாம் செண்பகம். ரோட்டோரம் ஆகாசத்துக்கு நிக்குமே, அந்த வாகை. பொன்சாய்க்குன்னு தனி விதையே கிடையாதாம். எந்த மரத்தையும் வேரை வெட்டி, கிளையை வெட்டி, கம்பியைச் சுத்தித்தான் குட்டையா நிப்பாட்டுதாகளாம்."

"இப்ப என்ன செய்யப் போறீக?"

"வெட்டித் தட்டுல வச்சிருவோம். அம்புட்டுதான்."

நீலத் தட்டுத்தொட்டியைக் கழுவிக் கொண்டுவந்தார். அடுக்களைக் கத்தரிக்கோலை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கம்பி எடுக்க வீட்டுக்குள் போனார்.

"நான் சொன்னேனா இல்லையா? கடைசியில் உன் பிறவி அளவுக்கே வரப்போகிறாய்" என்று துள்ளியது பாக்கெட்.

தனி விதையே கிடையாது என்று பூவலிங்கம் சொன்னதைக் கன்றும் கேட்டுத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் நம்பியதை ஒரு பேச்சில் விட முடியுமா? அது கத்தரிக்கோலைப் பார்த்து இன்னும் குனிந்தது.

"எவ்வளவோ அடக்கினேன். அப்படியும் வளர்ந்துவிட்டேன். எவ்வளவு வெட்ட வேண்டுமோ வெட்டிக்கொள்ளுங்கள்."

கத்தரிக்கோல் பால் பாக்கெட்டும் கொத்தமல்லியும் தவிர வேறு எதையும் வெட்டி அறியாதது. அது பாக்கெட்டைப் பார்த்துக் கேட்டது.

"எனக்கு ஒரு சந்தேகம். இது பிறவியிலேயே சாண் உயரம்தான் என்கிறாய். அப்படியானால் என்னை எதற்கு இங்கே கொண்டுவந்தார்கள்?"

பாக்கெட் வாயைத் திறந்தது. அச்சடித்ததுதான் வந்தது. "பொன்சாய் விதைகள். சாணுக்கு மேல்..."

"அது இருக்கட்டும். என்னை எதற்குக் கொண்டுவந்தார்கள்?"



கன்று அந்தக் கேள்வியைத் தனக்குள் ஒரு முறை கேட்டுப் பார்த்தது. அதற்கு அழுகை வந்தது. எத்தனை இலைகளைத் தானே பட்டினி போட்டு உதிர்த்திருக்கிறது! பிறகு கோபம் வந்தது. அதற்கும் பிறகு, பிறந்ததிலிருந்து ஒருநாளும் இல்லாத சந்தோஷம் வந்தது. அது மெல்லத் தலையை நிமிர்த்தியது. வாளி மண்ணில் வேரை ஊன்றி நேராக நின்றது.

பூவலிங்கம் கம்பியோடு வந்தார், செண்பகவல்லியும் வந்தாள். கத்தரிக்கோலை எடுத்துத் தண்டில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன, கை வரலையா?"

"காலையில தொங்கிப்போயிக் கிடந்துச்சு. அப்படியே கிடந்திருந்தா வெட்டியிருப்பேன். இப்பம் பாரு, எப்படி நிக்குன்னு! மனசு வரல."

"அப்போ எதித்தாப்புல ஆட்டோ ஸ்டாண்டுல கொண்டு வைப்போம். அவுக வெயில்ல காஞ்சு சாகுதாக. இது வேரை எங்க விட்டாலும் அங்க கேக்க வீட்டுக்காரர் கிடையாது."

"தட்டு?"

"வெந்தயம் போடுங்க. கீரையாவது ஆகும்."

ஆட்டோக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் குழி தோண்டினார்கள். கன்றை இறக்கி மண் தள்ளி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். பூவலிங்கம் பழக்கதோஷத்தில் பாக்கெட்டையும் பக்கத்தில் குத்திவிட்டுப் போனார். வெயில் பட்டுப் பட்டு அதன் எழுத்தெல்லாம் வெளுத்திருந்தது.

கன்று வேரால் நாலு பக்கமும் தடவிப் பார்த்தது. எந்தப் பக்கமும் சுவர் இல்லை.

பாக்கெட் கன்றை அண்ணாந்து பார்த்தது. பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்மேல் அச்சடிக்காத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்டது.

"அப்படியானால், நீ எவ்வளவு உயரம்தான் வளர்வாய்?"

"தெரியாது" என்றது வாகை. "இனிமேல்தான் நானே பார்க்க வேண்டும்."