கொளஞ்சியின் திருட்டு மூச்சு

ஒரு மாஸ்டருக்குப் பதினோரு சிஷ்யைகள். பதினோரு பேரும் மாஸ்டரைவிட மூத்தவர்கள்.

மாஸ்டர் நிறைமதிக்கு இருபத்து நான்கு வயது. அந்த ஊரிலேயே பிறந்து, கபடி ஆடி மாநிலம் முழுக்கச் சுற்றி வந்தவள். சிஷ்யைகள் எல்லாரும் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். முறைக்கு அவள் நாத்தனார், அவர்கள் அண்ணிகள். வீட்டில் நாத்தனார் பேச்சை எந்த அண்ணி கேட்பாள்? தண்ணீர் வற்றிய ஏரிக்குள், சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில் மட்டும் கேட்டார்கள். அவர்கள் அவளை மாஸ்டர் என்றார்கள். அவள் அவர்களை அண்ணி என்றாள்.

அணிக்குக் கேப்டன் கொளஞ்சி. இரண்டு பிள்ளைக்குத் தாய். பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். அந்த வருடம் ஒரு தடவைகூடப் பிடிபடவில்லை. ஊர் அவளை இரும்பு என்றது. வீட்டிலும் அப்படித்தான். பங்குனியில் அவளுடைய அம்மா செத்தபோதுகூட அவள் ஓய்ந்து உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாளே களத்துக்கு வந்துவிட்டாள். ஊரே அதைப் பெருமையாகச் சொன்னது. அவளும் சொன்னாள்.

வட்டார இறுதி ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு சாயங்காலம், மற்றவர்கள் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது கொளஞ்சி வந்து கேட்டாள்.

"மாஸ்டர், மூச்சு முடியப் போவுது, கோடு தூரத்துல இருக்கு. அப்ப என்ன பண்றது?"

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் ஏழு பேரை நிறுத்திவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பாடிப் போங்க அண்ணி."

கொளஞ்சி போனாள். வலது மூலையில் இரண்டு பேர், நடுவில் ஒருத்தி, திரும்பும்போது இன்னொருத்தி. நாலு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி வந்து நின்றாள். அண்ணிகள் கைதட்டினார்கள்.

மாஸ்டர் விசில் ஊதினாள். "அவுட்."

"யாரு புடிச்சா என்னை?"

"யாரும் புடிக்கல. மூணாவது ஆளைத் தொடறதுக்கு முன்னாடி மூச்சு வாங்கிட்டீங்க."

கொளஞ்சிக்கு முகமெல்லாம் சூடானது. அது அவளுடைய சொந்த வித்தை. பாட்டு அறுபடாதது மாதிரியே இருக்கும். ஒரு கபடிக்கும் அடுத்த கபடிக்கும் நடுவில் துளிக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஆறு வருடத்தில் எந்த நடுவரும் கண்டுபிடித்ததில்லை.

மாஸ்டர் மற்றவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னாள். கேப்டனே களவாணி என்றால் எல்லாரும் சேர்ந்து ஒரு பேங்க்கையே அடிக்கலாமே என்று சொல்லிக்கொண்டு போனாள் அண்ணிகளில் ஒருத்தியான பூவாத்தாள். களம் காலியான பிறகு கொளஞ்சி கேட்டாள்.

"சத்தமே வரலியே மாஸ்டர். எப்படித் தெரிஞ்சுது?"

"மூச்சு இருக்கறப்ப உங்க மொகம் உர்ருனு இருக்கும். தீந்து போனா சிரிப்பீங்க."

கொளஞ்சி சிரித்தாள். சிரிப்பது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நேத்துக் கடையில அண்ணனைப் பாத்தேன்" என்றாள் மாஸ்டர். "நாலு மாசமா நீங்க வீட்டுல சிரிச்ச மொகமாவே இருக்கீங்களாம். சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு."

 கொளஞ்சி அப்படியே நடுக்கோட்டின் மேல் உட்கார்ந்தாள். சேலையாக இருந்தால் முந்தானையால் முகத்தை மூடியிருப்பாள். டீ-சர்ட்டில் அதற்கு வழியில்லை.

ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மா போனதிலிருந்து தூக்கம் இல்லை. சோறு மண் மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் காதில் விழுகிறது. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டால் அழுகிற சத்தம் வெளியே கேட்காது. தினமும் மாடித் தொட்டி சீக்கிரம் காலியாகிறதே, குழாய்தான் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர் பிளம்பரைக் கூட்டி வந்து காட்டினார்.

"பிளம்பர் என்ன சொன்னாரு?"

"குழாய்ல ஒரு கோளாறும் இல்லைன்னாரு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இரும்புன்னு சொன்ன ஊரு மாஸ்டர். இது தெரிஞ்சா பைத்தியம்னு சொல்லும். கேப்டனை மாத்துன்னு சொல்லும்."

"போன வருஷம் முட்டி பிசகினப்ப எங்க போனீங்க?"

"பெரியாஸ்பத்திரிக்கு."

"மறைச்சா போனீங்க?"

"எதுக்கு மறைக்கணும்? கட்டைக் காட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துனேனே."

"அதே ஆஸ்பத்திரிதான். மூணு ரூம் தள்ளி. காலையில வண்டி எடுத்துட்டு வரேன்."

மறுநாள் மாஸ்டர் கொல்லை வழியாக வரவில்லை. ஊர் பார்க்கத் தெருவாசலில் வண்டியை நிறுத்தினாள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள், இரண்டு பேரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார்கள். மாஸ்டர் கொளஞ்சியைத் திரும்பிப் பார்த்தாள். கொளஞ்சி, மனசு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றாள்.  அங்கே நின்ற ஒரு பெண், எந்தக் கிழமையெல்லாம் அந்த டாக்டர் வருவார் என்று மெதுவாகக் கேட்டாள்.

டாக்டர் அரைமணி நேரம் கேட்டார். மாத்திரை எழுதினார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். அன்றைக்கே கொளஞ்சி வீட்டுக்காரரிடம் குழாய் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.  அவர் எழுந்து போய் அரிசி களைந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் கொளஞ்சி மாஸ்டரிடம் ஒரு விஷயத்தை நினைவுபடுத்தியிருந்தாள்.

"மூச்சு முடியறப்ப என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல."

"இன்னும் மூணு வாரம் இருக்கே அண்ணி."

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஊரே வேன் பிடித்து வந்திருந்தது. கடைசி நிமிடம் வரைக்கும் இரண்டு பக்கமும் சமப் புள்ளி. கொளஞ்சி பாடிப் போனாள். எதிரணிக்காரிகள் இரண்டு பேர் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றார்கள். ஒரு எட்டு வைத்தால் போதும். மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது.

அவள் சிரிக்கப்போகும் இடம் அதுதான் என்று அண்ணிகள் எல்லாருக்கும் இப்போது தெரியும்; அவளே சொல்லியிருந்தாள்.

கொளஞ்சி சிரிக்கவில்லை. திரும்பினாள். கடைசிக் கபடி வாயில் இருக்கும்போதே கோட்டைத் தாண்டினாள். யாரையும் தொடவில்லை. கூட்டம் ஊளையிட்டது.

அவள் தன் அணியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எனக்கு மூச்சு இல்ல. அடுத்து பூவாத்தா போவட்டும்."

அடுத்துப் பாடி வந்த எதிரணிக்காரி ஒருத்தியைத் தொட்டுவிட்டுப் போனாள். பூவாத்தாள் பாடக் கிளம்பிக் கோட்டைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்தது. ஒரே புள்ளியில் கோப்பை போனது.

அணிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த ராமதுரை துண்டை உதறிக்கொண்டு நேரே மாஸ்டரிடம் வந்தார்.

"ஏம்மா நிறைமதி, அந்த ரெண்டு பேரையும் தொட்டிருந்தா கோப்பை நம்மளுது. இரும்பு இரும்புன்னு சொன்னோம். உங்க கேப்டன் இப்படி வெறுங்கையோட வரலாமா?"

மாஸ்டர் களத்தைப் பார்த்தாள். அத்தனை ஊர் ஜனத்துக்கும் நடுவில் கொளஞ்சி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பூவாத்தாள் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொளஞ்சியின் முகம் உர்ரென்று இருந்தது.

மாஸ்டர் நிமிர்ந்து நின்றாள்.

"வெறுங்கையோட வரல சித்தப்பா. எங்க கொளஞ்சி அண்ணியைப் பத்திரமாக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க."