எது எடுத்தாலும் ஒரு குன்றிமணி

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் பச்சை என்று சொல்ல ஓர் இலைகூட மிஞ்சாது. ஆற்றின் அக்கரையில் மட்டும் ஓர் ஆமை தோட்டம் போட்டிருந்தது. கீரை, வெள்ளரி, முள்ளங்கி என்று விளைந்ததைத் தினமும் விடியற்காலையில் தெப்பத்தில் ஏற்றி வரும். வாங்கினால் முழுத் தெப்பத்தையும் வாங்க வேண்டும். "கூடை கூடையா நின்னு வித்தா நான் எப்ப வீடு போய்ச் சேர்றது? என் நடை தெரியாதா?" என்று கேட்கும்.

அந்தக் காட்டில் குன்றிமணிதான் காசு. தெப்பத்தையே வாங்கும் வசதி நரிக்கு மட்டும்தான் இருந்தது. கூடைக்கு இரண்டு மணி கொடுத்து வாங்கிப் பத்து மணிக்கு விற்கும். அதிலும் பழசு தீராமல் புதுசைக் கண்ணில் காட்டாது.

பூவரசி என்ற முயலுக்கு ஆறு குட்டிகள். வாடிய கீரையைத் தின்று தின்று ஆறுக்கும் வயிறு கெட்டுவிட்டது. கடைக்குட்டியால் எழுந்து நிற்கவே முடியவில்லை. பெற்ற மனம் பதறியது. பூவரசி வீடு வீடாகப் போனது.

"தனித்தனியா வாங்குறதாலதான் பத்து மணி. ஆளுக்குக் கொஞ்சம் ஒரே பானையில போட்டா, தெப்பமே நம்மது."

மான் போட்டது, மயில் போட்டது, யானையும் போட்டது. நரி தூங்கி எழுவதற்குள் எல்லாம் பானையோடு ஆற்றங்கரைக்குப் போய்விடும். கூடை இரண்டே மணி, அதுவும் அன்று பறித்தது. ஏழே நாளில் கடைக்குட்டி துள்ளி ஓடியது.

நரிக்கு வயிறு எரிந்தது. எட்டாம் நாள், வளையில் இருந்த குன்றிமணி அத்தனையையும் வழித்தெடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்த் தெப்பத்தை வாங்கிவிட்டது. புதுக் கூடைகளைக் கடைக்குள் வாழையிலை போட்டு மூடியது. போன வாரத்து அழுகலை முன்னால் பரப்பியது. பிறகு காகத்தைக் கூவ அனுப்பியது.

"நரி கடையில எது எடுத்தாலும் ஒரு மணி! எது எடுத்தாலும் ஒரு மணி!"

அவ்வளவுதான். மயில் ஓடி வந்தது. "பூவரசி, என் பங்கைத் திருப்பிக் கொடு. நான் அங்கேயே வாங்கிக்கிறேன்."

"எனக்கும் கொடுத்திடு" என்றது மான்.

பூவரசி கணக்குப் போட்டுப் பார்த்தது. இன்று பானை காலியானால் நாளை தெப்பம் வாங்க முடியாது. நாளை மறுநாள் நரி மறுபடி பத்து மணி கேட்கும். குட்டிகள் மறுபடி படுத்துவிடும். பூவரசி முன்னங்கால்களால் பானையின் வாயை மூடிக்கொண்டது.

"ரெண்டு மணிக்கு வாங்கினதை எவனாவது ஒரு மணிக்கு விப்பானா? நாம பிரியணும்னுதான் இந்தக் கூத்து. வாங்க போவோம், ஆனா பானையோட போவோம்."

கடை வாசலில் நரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. "வா தங்கச்சி. எத்தனை கூடை?"

"வாழையிலைக்கு அடியில இருக்கிறது அத்தனையும், அண்ணே" என்றது பூவரசி, கடைக்குள் எட்டிப் பார்த்தபடி.

நரியின் சிரிப்பு நின்றது. "அது... அது விலை வேற."

"எது எடுத்தாலும்னு காடே கேட்டுச்சே" என்று சாவகாசமாகச் சொன்ன யானை, துதிக்கையால் இலையை விலக்கியது. கீரையில் ஈரம்கூடக் காயவில்லை.

ஒற்றை முயல் வந்திருந்தால் நரி விரட்டியிருக்கும். வாசலில் காடே நின்றது. வேறு வழியில்லாமல் கூடைக்கு ஒரு மணி வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தது.

மறுநாள் விடியலில் நரி ஆற்றங்கரையில் நின்றது. கையில் இருந்த மணி அரைத் தெப்பத்துக்குத்தான் காணும்.

"அரைத் தெப்பமெல்லாம் கிடையாது" என்றது ஆமை.

அதற்குள் பானை வந்துவிட்டது. நரி தலையைச் சொறிந்தது. "தங்கச்சி, என்னையும் சேத்துக்கங்க."

"தாராளமா போடு" என்றது பூவரசி. "உனக்கும் கூடை ரெண்டு மணிதான். ஆனா தெப்பத்துலேர்ந்து சரக்கு இறக்க நாங்க முறை வச்சிருக்கோம். இன்னிக்கு உன் முறை."

நரி நாக்குத் தள்ள ஒவ்வொரு கூடையாகக் கரையேற்றியது. ஆறு குட்டிகளும் வாய் நிறைய வெள்ளரியோடு வரிசையாக உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தன.

நீதி: மலிவைக் காட்டிப் பிரிக்க நினைப்பவரிடமும் சேர்ந்தே போகிறவர்கள் ஏமாற மாட்டார்கள்.