நிற்கிற பல்சக்கரமும் ஓடுகிற பல்சக்கரமும்

வெள்ளறுக்கம்பாளையத்தில் தறி ஓட்டுகிறவர்கள் நிறைய, கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்கள் அதைவிட நிறைய. ரிமோட் கார் ஓட்டுகிறவர்கள் மட்டும் மூன்று பேர்தான். மூவருக்கும் நாற்பது வயது தாண்டியிருந்தது. மூவருக்கும் சேர்த்து ஒரே கார்.

மூத்தவர் பொங்கியண்ணன். நன்றாக யோசிக்காமல் அவர் வாயைத் திறக்கமாட்டார். திறந்த பிறகு கேட்டால், யோசிக்காமலே பேசியிருக்கலாமே என்று தோன்றும். அடுத்தவர் ராக்கியப்பன். படிப்பாளி, அதாவது எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடுவார், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் உட்பட. இளையவன் நாச்சிமுத்து. கார் இருந்தது அவன் வீட்டில்தான். சிவப்பு நிறம், ஒரு முழ நீளம், கல்லையும் வரப்பையும் ஏறித் தாண்டும். சாயங்காலம் ஓட்டி முடித்ததும் நாச்சிமுத்து அதைப் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பான். தனக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படி ஒரு போர்வை போர்த்திவிட ஆளில்லை என்று அவன் மனைவி ராமாத்தாள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

காரோடு ஒரு தாள் வந்தது. அதில், ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் பற்களை நன்றாகத் துலக்கவும் என்று போட்டிருந்தது. ராக்கியப்பன் அதை உரக்கப் படித்தார். கார் ஓட்டினால் எதற்குப் பல் விளக்க வேண்டும் என்று நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. பொங்கியண்ணன் யோசித்து விளக்கினார். கார் ஓடினால் புழுதி பறக்கும், புழுதி வாய்க்குள் போகும், கம்பெனிக்காரனுக்கு நம் மேல் அவ்வளவு அக்கறை.

அன்றிலிருந்து கார் ஓட்டி முடித்ததும் மூவரும் காட்டு ஓரத்தில் வரிசையாக நின்று பல் விளக்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் அவர்களைப் போலப் பளிச்சென்ற பல் யாருக்கும் இல்லை. காரின் வயிற்றுக்குள்ளும் ஒரு பல்சக்கரம் இருந்தது. அதை யாரும் துலக்கவில்லை. மண் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் கரகரவென்று சத்தம் வந்து கார் நின்றுவிட்டது. நாச்சிமுத்து திறந்து பார்த்தான். சக்கரத்தில் ஒரு பல்கூட இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நாம மூணு பேரும் தெனமும்தானே வெளக்குனோம். இதுக்கு மட்டும் ஏனுங்ண்ணா கொட்டிருச்சு?”

“வயசாயிருக்கும்” என்றார் பொங்கியண்ணன்.

கொட்டிய நேரம் சரியில்லை. ராமாத்தாளின் அண்ணன் தெய்வசிகாமணி பக்கத்து ஊர் கரட்டுப்பாளையத்தில் இருந்தார். அவரிடமும் அதே கம்பெனியின் அதே சிவப்புக் கார் இருந்தது. பொங்கலுக்கு மறுநாள் பந்தயம், தோற்றவர் காரை ஜெயித்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு ஊரும் பேசி முடித்திருந்தன. பேச்சு முடிந்த அன்று தெய்வசிகாமணி, “மாப்பிள்ளை, காரோட அந்தப் பழைய வேட்டியையும் குடுத்துருங்க, எங்க வீட்ல போர்த்தறதுக்கு ஒண்ணுமில்ல” என்று சிரித்தபடி சொல்லியிருந்தார். அதை நினைத்து நினைத்து நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூவரும் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனார்கள்.

கடைக்காரர் நல்ல மனுஷன். பார்க்க ஒரே மாதிரி இருந்த இரண்டு பல்சக்கரங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று ஒரிஜினல். இன்னொன்று டூப்ளிகேட், விலை பாதிக்கும் கீழே. மூவரும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எதை வாங்கலாம் என்று அவரையே கேட்டார்கள்.

“ஒரிஜினல் போட்டீங்கன்னா காலத்துக்கும் நிக்கும். டூப்ளிகேட் ஏதோ கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் உங்க இஷ்டம்” என்றார் கடைக்காரர்.

கொஞ்சம் பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லி மூவரும் மாடிப்படிக்குப் போனார்கள்.

“ஒரிஜினல் போட்டா நிக்கும்ங்கறார்” என்று தொடங்கினார் பொங்கியண்ணன்.

“காலத்துக்கும் நிக்கும்ங்கறார்” என்று திருத்தினார் ராக்கியப்பன். “அப்படின்னா ஒருக்கா நின்னா அப்புறம் கெளம்பவே கெளம்பாது.”

“டூப்ளிகேட் ஓடும்ங்கறாருங்ண்ணா” என்றான் நாச்சிமுத்து. “கொஞ்ச நாள்தான் ஓடுமாம்.”

“பந்தயம் ஒரு நாள்தானப்பா” என்றார் பொங்கியண்ணன்.

டூப்ளிகேட்தான் என்று முடிவாயிற்று. நிற்கிற சக்கரத்துக்கு இவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவார்கள் என்று நாச்சிமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கண்ணாடி அலமாரியில் காரை நிறுத்திவைக்கிற பணக்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்குக் கார் நின்றால்தான் நல்லது என்று பொங்கியண்ணன் விளக்கினார். வியாபாரத்தில் இருந்துகொண்டு இப்படி உண்மையைப் பட்டென்று சொல்கிற மனுஷன் எப்படிப் பிழைக்கப்போகிறாரோ என்று மூவரும் வருத்தப்பட்டுக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

வந்த இடத்தில் ராக்கியப்பனின் கண் ஒரிஜினல் டப்பாவின் மேல் விழுந்தது. ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் படித்து முடித்ததும் நாச்சிமுத்து எடுத்த காசை மறுபடியும் மடியில் முடிந்துகொண்டான். வாங்கப்போவது போலிதானே. இரண்டு பேரும் பொங்கியண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வெகுநேரம் யோசித்தார்.

“கண்டு ஏமாறக்கூடாதுன்னுதானே போட்டிருக்குது. காணாம வாங்கிக்கலாம்.”

மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்கள். கடைக்காரர் அந்த மூன்று கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கையில் டூப்ளிகேட் டப்பாவை வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனுஷன் ஆயிற்றே, ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

“ஒரிஜினல்னா கண்ணை மூடிட்டு ஓட்டலாம். இது டூப்ளிகேட்டுங்க. கண்ணுல வெளக்கெண்ணெ விட்டுட்டுப் பாத்துக்கணும். அப்பப்ப கை வெச்சுட்டே இருக்கணும்.”

மறந்துவிடக் கூடாதென்று ஊர் வந்து சேரும்வரை மூவரும் பஸ்ஸில் வெளக்கெண்ணெ, கை, வெளக்கெண்ணெ, கை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். முன்சீட்டுப் பெண்மணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நாச்சிமுத்து விளக்கெண்ணெய்ப் பாட்டில் கேட்டான். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று ராமாத்தாள் கரண்டியில் ஊற்றி நீட்டினாள். வயிற்றுக்கு இல்லை, கண்ணுக்கு என்றான். கண்ணுக்கு என்ன என்றாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை, காருக்குத்தான் என்றான். அவள் பாட்டிலை அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த மாதிரி நேரத்தில் எந்த இடத்தில் கேள்வியை நிறுத்த வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பழகியிருந்தது.

பந்தயத்தன்று இரண்டு ஊரும் கரட்டுப்பாளையத்துக் காட்டில் கூடிவிட்டன. அறுத்து முடித்த வெறுங்காடு அது. தூரத்தில் இருந்த வேப்பமரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து கோட்டைத் தாண்ட வேண்டும். ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்துக்குக் கொடி பிடிக்கிற வேலப்பன்தான் நடுவர்.

மூவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டார்கள். எரியவில்லை, ஆனால் உலகமே நெய்க்குள் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நாச்சிமுத்துவுக்குத் தெய்வசிகாமணி இரண்டு பேராகத் தெரிந்தார். ஒருத்தரையே சமாளிக்க முடியாமல் இருந்தவன் இரண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டான். ரிமோட்டைப் பொங்கியண்ணன் பிடித்துக்கொண்டார். காய்ந்தால் ஊற்றுவதற்குப் பாட்டிலோடு ராக்கியப்பன் பக்கத்தில் நின்றார். கூடவே ஓடிக் கை வைக்கிற வேலை, இடுப்பு நன்றாக வளைகிறவன் என்பதால், நாச்சிமுத்துவுக்கு வந்தது.

காரின் மேல் கை வைத்துக்கொண்டு ஆள் ஓடலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ரேக்ளாவில் மாட்டைத் தட்டி ஓட்டுகிறவனை யாராவது தடுத்தது உண்டா என்று வேலப்பன் திருப்பிக் கேட்டார்.

தெய்வசிகாமணி துண்டை எடுத்து உதறி, தன் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார். அவர் வாங்கியது ஒரிஜினல் சக்கரம், அதே கடையில். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று அதே கடைக்காரர் அவருக்கும் சொல்லியிருந்தார். கரட்டுப்பாளையத்துக்காரர்கள் புத்திசாலிகள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லையே.

கொடி இறங்கியது.

தெய்வசிகாமணியின் கார் அம்பு மாதிரி கிளம்பி நேராகப் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் புகுந்தது. ஒரிஜினல் அல்லவா, எங்கேயும் சிக்கவில்லை. சோளத்தட்டு அசைவது தெரிந்தது, பிறகு சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் தாராபுரம் திக்கில் கரைந்துபோனது. அவர் கட்டிய கண்ணோடு, முகமெல்லாம் சிரிப்பாக, ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தார்.

இந்தப் பக்கம் நாச்சிமுத்து நாற்று நடுகிறவன் மாதிரி குனிந்து, காரின் முதுகில் கை வைத்து ஓடினான். வேப்பமரம்வரை நன்றாகத்தான் போனது. அங்கே டூப்ளிகேட் சக்கரம் இளகிக் கார் சட்டென்று நின்றுவிட்டது. ஓடிய வேகத்தில் அவன் கை நழுவியது. மரத்தடியில் ஒரு செவலை நாய்க்குட்டி படுத்திருந்தது. குனிந்தபடி ஓடிவந்த மனுஷனைப் பார்த்ததும், விளையாடக் கூப்பிடுகிறான் என்று எண்ணி அதுவும் எழுந்து ஓடத் தொடங்கியது. துழாவிய கைக்கு ஒரு முதுகு கிடைத்தது. அவன் விடவில்லை.

கார் கொஞ்சம் சூடாகியிருக்கிறது, மெதுமெதுவென்றும் இருக்கிறது என்று அவன் கவனித்தான். சத்தமே இல்லாமல் இத்தனை வேகமாக அது ஓடி அவன் பார்த்ததில்லை. டூப்ளிகேட்டைப் போய்க் குறை சொல்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினான். வேலப்பன் தயங்காமல் கொடியைத் தூக்கினார். எது கைக்கு அடியில் வருகிறதோ அதுதான் வண்டி, ரேக்ளாவில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

தெய்வசிகாமணி கண்கட்டை அவிழ்த்துத் தன் காரைத் தேடினார். வேப்பமரத்தடியில் ஒரு சிவப்புக் கார் இருந்தது. எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். இது யாருடையது என்று பேச்சு வந்தது. பொங்கியண்ணன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய்க் கண்ணால் உற்றுப் பார்த்தார்.

“நிக்குது பாருங்க. டூப்ளிகேட்னா ஓடும், ஒரிஜினல்தான் நிக்கும். அப்ப இது உங்க கார்தானுங்க.”

தெய்வசிகாமணி தலையை ஆட்டினார். தன்னிடமும் கடைக்காரர் காலத்துக்கும் நிக்கும் என்றுதான் சொன்னார் என்று ஒத்துக்கொண்டு, அந்தக் காரை இரண்டு கையாலும் தூக்கி நாச்சிமுத்துவிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் துண்டால் அதன் புழுதியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாச்சிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை.

“வருத்தப்படாதீங்க மச்சான். எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்க. வேட்டி போர்த்தித்தான் வெச்சிருப்பேன்” என்றான்.

ஜெயித்த காரைத் தலையில் வைத்துக்கொண்டு மூவரும் ஊர் திரும்பினார்கள். ஓடி ஜெயித்தது பின்னாலேயே வந்தது.

மறுநாள் காலையில் கண் தெளிந்தது. நாச்சிமுத்து வாசலுக்கு வந்து தன் வண்டியை நன்றாகப் பார்த்தான். ஓடிப்போய் மற்ற இருவரையும் கூட்டி வந்தான். மூவரும் சுற்றி உட்கார்ந்து அதை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார்கள். கடைசியில் ராக்கியப்பன், முன்பு சக்கரம் நாலு இருந்தது, இப்போது கால் நாலு இருக்கிறது, கணக்கு சரியாகத்தான் வருகிறது என்றார். சிவப்பு வெளுத்துச் செவலை ஆகியிருப்பதை நாச்சிமுத்து சுட்டிக்காட்டினான். டூப்ளிகேட் போட்டால் சாயம் போகும் என்றார் பொங்கியண்ணன்.

அது பின்னால் இருந்த ஏரியலை ஆட்டியது. ராமாத்தாள் ஒரு பிஸ்கட்டைப் போட்டாள். சார்ஜ் ஏறி அது வாசலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ரிமோட்டில் இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போயிற்று, வலது பக்கம் திருப்பினால் படுத்துக்கொண்டது. ஒயர் ஏதோ மாறியிருக்கிறது என்று முடிவுசெய்து, மூவரும் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கோயமுத்தூர் பஸ் ஏறினார்கள்.

இறக்கிவிட்டதும் அது மேஜைமேல் உட்கார்ந்துகொண்டது. கடைக்காரர் அதைப் பார்த்தார். அவர்கள் மூவரையும் பார்த்தார். இது ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று பொங்கியண்ணன் தாழ்ந்த குரலில் கேட்டார். கடைக்காரர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஒரிஜினல்தானுங்க. எல்லாமே ஒரிஜினல். பேசாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவன், ஏதோ நினைவு வந்து திரும்பினான்.

“எதுக்கும் ஒரு வால் தனியா எடுத்து வையுங்க. ஆட்டற ஆட்டத்துக்கு இது ரொம்ப நாள் தாங்காது. டூப்ளிகேட்டா இருந்தாலும் பரவாயில்லீங்க.”