பீரோவுக்குள் இருந்த பேச்சு

இசக்கியம்மாளுக்குப் பேச்சு வராது, படிப்பில் கெட்டி. விரலால் தொட்டுப் பேச அவளுக்கென்றே படங்களும் எழுத்துகளும் கொண்ட பலகை ஒன்று பள்ளிக்கு வந்திருந்தது. அழுக்காகிவிடுமாம், தலைமையாசிரியர் பொன்னுலிங்கம் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். தாகமெடுத்தாலும் அவள் அழுதுதான் காட்ட வேண்டும்.

கல்வி அதிகாரி பார்வையிட வந்த அன்று பலகை வெளியே வந்தது. அதைச் சக்கர நாற்காலியில் இருந்த இசக்கியின் மடியில் வைத்துவிட்டு, அவள் காதோரம் குனிந்தார் பொன்னுலிங்கம். “அதிகாரி அம்மாவுக்கு நன்றி சொல்லி, மறுபடியும் வரச்சொல்லி மரியாதையா கூப்பிடணும். குறை கிறை சொன்னே, தெரியும் சேதி!”

இசக்கி எழுத்தெழுத்தாகத் தொட்டாள்: ‘நன்றி அம்மா. தினமும் வாங்க.’

“பாத்தீங்களாம்மா, எவ்வளவு மரியாதை!” தலைமையாசிரியர் பூரித்துப் போனார்.

அதிகாரி சிரித்தார். “நான் எதுக்கும்மா தினமும் வரணும்?”

இசக்கியின் விரல் நிதானமாக நகர்ந்தது: ‘நீங்க வந்தாத்தான் பீரோ திறக்குது.’

பொன்னுலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. அதிகாரி அவர் கையாலேயே பலகையை அவள் நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வைத்தார். அதன் பிறகுதான் கிளம்பினார்.

அன்று மதியச் சத்துணவில் இசக்கி இன்னொரு முட்டை கேட்டாள். கிடைத்தது.